இழுக்கும் நாய்க்கு முட்டுக்கட்டை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வளர்ப்பு நாயைச் சங்கிலி இல்லாமல் வெளியே கூட்டி வரக்கூடாது, மீறினால் அபராதம் என்று அடிக்கடி செய்தி வருகிறது. நல்லதுதான். ஆனால் போன வருடம் என் நாய் கருப்பனை நான் சங்கிலி போட்டுத்தான் கூட்டிப் போனேன். அப்படியும் அவன் இழுத்த இழுப்பில் பால்காரர் சைக்கிள் சாய்ந்தது, நாலு பாக்கெட் உடைந்தது, என் வலது மணிக்கட்டும் உடைந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

எனக்கு வயது 63, எடை 51 கிலோ. கருப்பன் லாப்ரடார், 34 கிலோ. மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனபோது என்னிடம் விட்டுப் போனது. (சாமி பெயரை நாய்க்கு வைக்கலாமா என்று எதிர்வீட்டு மதினி இன்னமும் முகம் சுளிக்கிறார். பைரவருக்கே நாய்தானே வாகனம் என்று சொல்லிப் பார்த்துவிட்டேன்.)

கட்டு பிரித்ததும் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ரெண்டு போடு போட்டால் அடங்கும் என்றார் ஒருவர். கடைக்காரர் இழுத்தால் கழுத்தை இறுக்கும் செயின் ஒன்றைக் கொடுத்தார். கருப்பன் இருமிக்கொண்டே, நாக்கைத் தள்ளிக்கொண்டே இழுத்தான். இழுப்பதை மட்டும் விடவில்லை. தடுப்பூசி போடப் போன இடத்தில் அரசு கால்நடை மருத்துவர்தான் அதைக் கழற்றச் சொன்னார். மூச்சுக்குழாயில் அடிபடுமாம். அப்புறம் ஒன்று சொன்னார்: "அம்மா, அவன் இழுக்கிறான், நீங்களும் பின்னாலேயே போகிறீர்கள். இழுத்தால் விளக்குக் கம்பத்துக்குப் போய்ச் சேரலாம் என்று நீங்கள்தான் பாடம் நடத்தியிருக்கிறீர்கள்."

முப்பது வருடம் தையல் ஆசிரியையாக இருந்தவளுக்கு இது சுருக்கென்று பட்டது.

மதுரைக்காரர்களுக்குச் சித்திரைத் தேர் தெரியும். வடம் பிடிக்க ஆயிரம் பேர் இருந்தாலும், சக்கரத்தில் முட்டுக்கட்டை போடுகிறவர் கையில்தான் தேர் இருக்கிறது. நானும் அதைத்தான் செய்தேன். கயிறு விறைத்தால் அந்த இடத்திலேயே நிற்பேன். திட்டுவதில்லை, பதிலுக்கு இழுப்பதும் இல்லை; நாம் இழுத்தால் நாய் எதிர்ப்பக்கம் இன்னும் வலுவாக இழுக்கும். அவன் திரும்பிப் பார்த்து, கயிறு தொய்ந்தால் நடப்பேன். என் இடது தொடையை ஒட்டி நடந்தால் வேகவைத்த கோழி ஈரல், சுண்டுவிரல் நகமளவு. முதல் வாரம் கால் மணி நேரத்தில் மூன்று வீடு தாண்டவில்லை. தெருவே வேடிக்கை பார்த்தது.

அதோடு இரண்டு மாற்றங்கள். கழுத்துப்பட்டைக்குப் பதில் நெஞ்சுப் பக்கம் வளையம் உள்ள ஹார்னஸ், அதாவது உடம்பைச் சுற்றி மாட்டும் வார்ப்பட்டை. முன்னால் பாய்ந்தால் உடம்பு பக்கவாட்டில் திரும்பிவிடுவதால் முழு பலத்தோடு இழுக்க முடியாது. இன்னொன்று, கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வதை அடியோடு விட்டேன். என் மணிக்கட்டு போனதே அதனால்தான். புறப்படும் முன் மொட்டைமாடியில் பத்து நிமிடம் பந்து போட்டால் பாதித் துள்ளல் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. கேட்டருகே உட்கார்ந்தால்தான் தாழ்ப்பாள் திறக்கும்.

மூன்று மாதம் ஆனது. நடுவில் பள்ளி விடுமுறைக்கு வந்த பேரன் நாலு நாள் கருப்பனை அவன் இஷ்டத்துக்கு இழுக்கவிட்டு ஓடியதில் மறுபடி முதலிலிருந்து. என்றைக்காவது ஒருநாள் பலித்தாலும் போதும், நாய் அதை நம்பிக்கொண்டே இழுக்கும். வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொண்டால்தான் சரிவரும். இப்போது காலை ஐந்தரைக்கு வண்டியூர் தெப்பக்குளத்தை ஒற்றைக் கையில் கயிறு பிடித்துச் சுற்றி வருகிறோம். அணிலைக் கண்டால் மட்டும் இன்றும் என் பேச்சு எடுபடாது. அந்த மரங்களுக்கு முன்பே சாலையைக் கடந்துவிடுவேன்.

விலங்கை அஜாக்கிரதையாக வைத்திருந்தால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 291-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தண்டனை இருக்கட்டும். பெரிய நாயை எப்படிப் பிடித்து நடப்பது என்று எங்களைப் போன்றவர்களுக்கு யார் சொல்லித் தருகிறார்கள்? பிள்ளைகள் வெளிநாடு போக, அவர்கள் ஆசையாக வாங்கிய நாயோடு மல்லுக்கட்டும் பெற்றோர் எங்கள் தெருவிலேயே மூன்று பேர் இருக்கிறோம். தனியார் பயிற்சியாளருக்கு ஓய்வூதியம் கட்டுப்படியாகாது.

ஆண்டுதோறும் ஜூலை 6, விலங்குவழி நோய்கள் தினத்தன்று கால்நடை மருத்துவமனைகளில் இலவச வெறிநோய்த் தடுப்பூசி முகாம் நடக்கிறது. ஊசிக்காக எப்படியும் வரிசையில் காத்திருக்கிறோம். அந்த நேரத்தில் அரை மணி, ஒரு நாயை வைத்து நடந்து காட்டச் சொல்லுங்கள். கால்நடை பராமரிப்புத் துறையும் மாநகராட்சியும் மனது வைத்தால் போதும். ஆள் கிடைக்கவில்லை என்றால் கருப்பனைக் கூட்டிக்கொண்டு நானே வருகிறேன். அந்த வளாகத்தில் அணில் இல்லாமல் இருந்தால் சரி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை,
மதுரை.