குற்றம் அலைவரிசையின் மேல் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வெளிவந்த அமெரிக்கத் தொலைக்காட்சி வரலாற்றுக் கட்டுரை, 1950-களில் யு.எச்.எஃப். (14-ஆம் எண் முதல் மேலே உள்ள, அதிக அதிர்வெண் சேனல்கள்) நிலையங்கள் வரிசையாக மூடப்பட்டதற்கு 'அந்த அலைவரிசை வலுவற்றது' என்று ஒரே வரியில் காரணம் சொல்லிவிட்டது. டி.வி. பழுதுபார்த்துப் பிழைத்தவன் நான். அந்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை.

அலைக்குக் குறை உண்டுதான். மலையும் மரமும் மறித்தால் படம் மங்கிவிடும். அன்றைய டிரான்ஸ்மிட்டர்களுக்கும் சக்தி போதாது. ஆனால் பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டன், வில்க்ஸ்-பாரி பகுதி மலைப்பாங்கானது. அங்கே யு.எச்.எஃப். நிலையங்கள் நிலைத்து நின்றன. இண்டியானாவின் சவுத் பெண்டிலும் அப்படியே. உள்ளூரில் வி.எச்.எஃப். (2 முதல் 13 வரையிலான பழைய சேனல்கள்) போட்டி இல்லை, ஆகவே மக்கள் அதற்கேற்ற பெட்டி வாங்கினார்கள், விளம்பரமும் வந்தது.

பிழை நடந்தது 1952-ல். நான்காண்டுகளாகப் புதிய உரிமங்களை நிறுத்தி வைத்திருந்த அமெரிக்க மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம், 14 முதல் 83 வரை எழுபது சேனல்களைத் திறந்துவிட்டது. ஆனால் ஒரே ஊரில் இரண்டு வகையையும் கலந்து கொடுத்தது. வீடுகளில் அப்போதே இருந்த ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகளில் அநேகமாக எல்லாமே வி.எச்.எஃப். மட்டும் எடுப்பவை. ஏற்கெனவே படம் தெரிகிற வீட்டில், இன்னொரு சேனலுக்காக, யு.எச்.எஃப். அலையைப் பழைய பெட்டிக்கு ஏற்ப மாற்றித் தரும் கன்வெர்ட்டரும் தனி ஆன்டெனாவும் யார் வாங்குவார்கள்? பார்ப்பவர் இல்லாத நிலையத்துக்கு விளம்பரம் இல்லை, நாடு முழுக்க நிகழ்ச்சி வழங்கும் பெரிய நெட்வொர்க்கின் நிகழ்ச்சியும் இல்லை.

ஓரிகனின் போர்ட்லாண்டைப் பாருங்கள். தொலைக்காட்சியே இல்லாத அந்த நகரத்தில் 1952 செப்டம்பர் 20 அன்று கே.பி.டி.வி. 27-ஆம் சேனலில் தொடங்கியது. முதல் வணிக யு.எச்.எஃப். நிலையம் அதுதான். தனியாக இருந்தவரை நன்றாக நடந்தது. அடுத்த ஆண்டே வி.எச்.எஃப். நிலையம் வந்தது, 1957-ல் கே.பி.டி.வி.யே 12-ஆம் சேனலுக்கு மாறிக்கொண்டது. பணபலம் இருந்தவர்களாலும் தாக்குப்பிடிக்க முடியவில்லை. பஃபலோவில் தான் வாங்கிய 17-ஆம் சேனலைப் பெரிய நெட்வொர்க்கான என்.பி.சி. 1958-ல் மூடியது, மில்வாக்கியில் இன்னொரு நெட்வொர்க்கான சி.பி.எஸ். தன் யு.எச்.எஃப். நிலையத்தை 1959-ல் கைவிட்டது. இவர்களுக்கே இந்தக் கதி என்றால், கடன் வாங்கி நிலையம் தொடங்கிய உள்ளூர்க்காரர்கள் என்ன செய்திருக்க முடியும்?

1962-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டதாகக் கட்டுரை முடிகிறது. 1964 முதல் தயாரான பெட்டிகளில் யு.எச்.எஃப். டியூனர் (சேனலைப் பிடிக்கும் பாகம்) கட்டாயமானது உண்மை. ஆனால் எப்படிப்பட்ட டியூனர்? வி.எச்.எஃப். குமிழைத் திருப்பினால் 'டக்' என்று சேனலில் நிற்கும். யு.எச்.எஃப். குமிழோ ரேடியோவைப் போல வழுக்கிக்கொண்டே போகும். மயிரிழை தவறினால் படம் கிடையாது. இரண்டையும் ஒரே மாதிரி எளிதாகத் திருப்பும்படி இருக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வர 1970-கள் ஆகிவிட்டன.

ஒரே ஊரில் இரண்டு வகையும் கலந்திருப்பதை நீக்கவும் வழி இருந்தது. கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோவில் 12-ஆம் சேனலை 1961-ல் 30-க்கு மாற்றி, அந்த ஊரையே முழுக்க யு.எச்.எஃப். ஆக்கினார்கள். மற்ற பல ஊர்களில் அது ஏன் நடக்கவில்லை என்பதை அடுத்த பகுதியில் கட்டுரையாளர் விரிவாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
தஞ்சாவூர்