நீ அனுப்பிய பெட்டி

அன்பு மகனுக்கு,

பெட்டி வந்து சேர்ந்தது. போனில் "கிடைத்தது" என்ற ஒரு சொல்லோடு நான் கதையை மாற்றியது உனக்கு ஒரு மாதிரி இருந்திருக்கும். உண்மையைச் சொல்கிறேன். மின்சாரம் கொடுத்தால் தண்ணீரை வாயுக்களாகப் பிரித்து, பிறகு அதே வாயுக்களிலிருந்து மின்சாரம் தருகிற, நீ அனுப்பிய இரண்டு எரிபொருட்கலங்களில் ஒன்றை முதல் நாளே பழுதாக்கிவிட்டேன்.

காய்ச்சி வடித்த நீர்தான் விட வேண்டும் என்று கூட வந்த தாளில் இருந்தது. கைவசம் இல்லை. ரியூசனுக்கு வந்த பிள்ளைகளோ சுற்றி நின்று அவசரப்படுத்தினார்கள். சரி, ஒரு தடவைதானே என்று கிணற்றுத் தண்ணீரைத் துணியில் வடித்து விட்டேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்திலுக்குள் என்ன செய்யும் என்பது உனக்குத் தெரியும்; தேசிக்காய்ப் புளி விட்டு அந்த வெள்ளைப் படிவைச் சுரண்டியவன் நீதானே. அதே கல்சியம் கலத்துக்குள் இருக்கும் மென்சவ்வில் போய், ஐதரசன் அயன்கள் போகிற வழியில் குந்திக்கொண்டது. இத்தனை வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள் செய்கிற வேலையா இது!

அப்புறம் கிளிநொச்சிக்குப் பஸ் எடுத்துப் போய், வாகனச் சாமான் கடையில் பற்றரித் தண்ணீர் கேட்டேன்; அதுவும் காய்ச்சி வடித்ததுதானே. "அசிட்டா, சும்மா தண்ணியா, ரீச்சர்?" என்றார் கடைக்காரர். நல்லவேளை கேட்டார்.

இரண்டாவது கலம் அழகாக வேலை செய்தது. ஆவணி வெயிலில் சூரியத் தகட்டை முற்றத்தில் வைத்து வயரைக் கொழுவியதும் குழாயில் குமிழி ஏறத் தொடங்கியது. ஒரு பக்கம் 5 மில்லிலீற்றர், மற்றப் பக்கம் 10. ஐதரசன் இரண்டு பங்கு, ஒட்சிசன் ஒரு பங்கு என்று எத்தனை வருடம் கரும்பலகையில் எழுதியிருப்பேன்! இவ்வளவு பக்கத்தில் நானே இப்போதுதான் பார்த்தேன். ஒட்சிசனுக்குள் தணல் ஈர்க்கை நீட்டினோம், குப்பென்று பற்றியது. ஐதரசனைச் சவர்க்காரக் குமிழியாக்கிக் கொளுத்தினால் 'டப்'. அந்த டப்புக்காகவே நாலு தடவை செய்ய வேண்டி வந்தது.

பிறகு தகட்டைக் கழற்றிவிட்டுச் சின்ன மோட்டரைக் கொழுவினோம். சேர்ந்த வாயுக்கள் கலத்துக்குள் மறுபடி தண்ணீராகி மின்சாரம் தர, விசிறி சுழன்றது. சிவப்பு எல்.ஈ.டி. மட்டும் எரியவில்லை. அதற்கு இரண்டு வோல்ற்றுக்குக் கிட்ட வேண்டும், ஒரு கலம் ஒரு வோல்ற்றைக்கூடத் தராது.

1839 அளவில் குரோவ் என்பவர் இதைச் செய்து காட்டினார் என்றேன், ஒருவரும் அசையவில்லை. சந்திரனுக்குப் போன அப்பலோ விண்கலத்தில் மின்சாரம் தந்தது இந்த வகைக் கலம்தான், அதில் உண்டான தண்ணீரைத்தான் அவர்கள் குடித்தார்கள் என்றதும் எல்லோரும் நிமிர்ந்தார்கள். ஒரு பெடியன் கேட்டான்: "அப்ப எங்கட ஊருக்கும் ஒண்டு பூட்டினால் தண்ணிக் கஷ்டம் தீருமே ரீச்சர்?" கிணறு அடியில் கிடக்கிற மாதம், கேட்கத்தானே செய்வான். "ஐதரசனுக்கு எங்கே போவாய்?" என்றேன். "தண்ணியிலயிருந்து எடுக்கலாம்" என்றான். சொன்ன வாயோடு தானே சிரித்துவிட்டான்.

ஆனால் மற்றவன் விடவில்லை. தண்ணீரில் ஓடும் மோட்டார் சைக்கிள் என்று போனில் ஒரு வீடியோ காட்டினான். மீற்றரை வைத்துக் காட்டினேன்: வாயுவை உண்டாக்கும்போது 1.6 வோல்ற்று, விசிறி சுற்றும்போது 0.7. போட்டதில் பாதிகூடத் திரும்பி வரவில்லை, போட்டதும் வெயில், தண்ணீரல்ல என்றேன். தலையாட்டினான். நம்பிய தலையாட்டலாகத் தெரியவில்லை.

அப்போது உன்னை நினைத்தேன். கரண்டும் இல்லை, கடையில் பற்றரியும் இல்லாத அந்தக் காலம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து நீ பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோவைக் கொழுவி அப்பா செய்தி கேட்பார். ரேடியோவைக் கழற்றினால் பெடல் லேசாகச் சுற்றுகிறது, கொழுவினால் பாரமாக இருக்கிறது, ஏனம்மா என்று ஒரு நாள் கேட்டாய். உனக்கு அன்று எட்டு வயது. உன் கைக்குத் தெரிந்துவிட்டது. இந்தப் பிள்ளைகளுக்கு வெயில் சும்மா வருகிறது, பாரம் தெரியவில்லை.

அந்த டைனமோ இன்னும் கொட்டிலில் கிடக்கிறது. அதை மாட்டலாமா என்று யோசித்துவிட்டு நிறுத்தினேன். அது தருவது திசை மாறி மாறி ஓடுகிற ஆடலோட்டம், வோல்ற்றும் கூட. இருக்கிற ஒன்றும் போய்விடும்.

ஆகவே தம்பி, புதுக் கலம் வாங்காதே, விலை எனக்குத் தெரியும். கையால் சுற்றுகிற சின்ன மின்பிறப்பாக்கி ஒன்று, நேரோட்டம் தருவதாக, இரண்டு மூன்று வோல்ற்றுக்கு மேல் போகாததாகக் கிடைத்தால் அனுப்பு. அந்த மோட்டார் சைக்கிள்காரனைத்தான் முதலில் சுற்ற வைக்கப் போகிறேன்.

அங்கே வருகிற ஆளிடம் முறிகண்டிக் கச்சான் கொடுத்துவிட்டிருக்கிறேன். வறுத்தது, வைத்திருக்காமல் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா