மரத்துக்கு வேலி முதலில், மதிலுக்கு அத்திவாரம் பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

வடக்குக்கென ஒரு தாவரவியல் பூங்கா வேண்டும் என்ற பேச்சு யாழ்ப்பாணத்தில் இடைக்கிடை எழுவதும் சில காலத்தில் அடங்கிவிடுவதும் வழக்கம். பேராதனையில் 1821 இலும், ஹக்கலையில் 1861 இலும், கம்பஹாவின் ஹெனரத்கொடையில் 1876 இலும் தொடங்கிய பூங்காக்கள் மலைநாட்டுக்கும் ஈரவலயத்துக்கும் உரியவை. உலர்வலயத் தாவரங்களுக்காக 2013 இல் திறக்கப்பட்ட மிரிஜ்ஜவிலப் பூங்கா தெற்கே அம்பாந்தோட்டையில் இருக்கிறது. பாலையும் வீரையும் உலுவிந்தையும் நெடுந்தீவின் பெருக்கமரமும் எங்கள் பிள்ளைகள் போய்ப் பார்த்துப் படிக்கக்கூடிய ஓரிடத்தில், பெயர்ப் பலகையோடு நிற்க வேண்டும் என்ற ஆசை நியாயமானதே. அந்த ஆசை என்றாவது நிறைவேறும்போது, அதற்கு முன்னரும் இருக்கிற பூங்காக்களைத் திருத்தும் ஒவ்வொரு முறையும், வேலை எந்த ஒழுங்கில் நடக்க வேண்டும் என்பதைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன். பொதுப் பூங்காக்களில் நடுகை வேலைகளையும் அவற்றோடு சேர்ந்து வரும் கட்டட வேலைகளையும் நீண்ட காலம் மேற்பார்வை செய்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையைத் தவிர வேறெந்த உரிமையும் எனக்கு இல்லை.

யாழ்ப்பாணத்துக்கு ஆண்டில் கிடைக்கும் ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களில் பெய்து முடிந்துவிடுகிறது. மரம் நடுவதற்கு எங்களுக்குள்ள காலமும் அதுவே. அரசாங்கத்தின் நிதியாண்டோ டிசம்பர் 31 இல் முடிகிறது. வைகாசியில் ஒப்புதல் கிடைத்து, ஆடியில் விலைமனு கோரப்பட்டு, புரட்டாதியில் ஒப்பந்தம் கையெழுத்தாகும் ஒரு வேலையில், நடைபாதைக்கும் சுற்றுமதிலுக்கும் மண் வெட்டத் தொடங்கும் நாளும் முதல் மழை விழும் நாளும் ஏறக்குறைய ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. பணம் திரும்பிப் போய்விடும் என்ற பயத்தில் பெக்கோவும் உழவு இயந்திரமும் சேற்றில் ஓட்டப்படுகின்றன. காய்ந்த நிலம் தாங்கிக்கொள்ளும் பாரத்தை நனைந்த நிலம் தாங்காது. அது இறுகி, காற்றும் நீரும் புகாத பலகையாகிவிடும். கட்டடமும் முடிந்து கணக்கும் முடிந்த பிறகு, தையிலோ மாசியிலோ மரக்கன்றுகள் லொறியில் வந்திறங்குகின்றன. வைகாசியில் சோளகம் எழும்போது அவற்றின் வேர் நட்ட கிடங்கை விட்டு ஒரு சாண்கூட வெளியே போயிராது. கன்று பட்டுப்போனதும், யாழ்ப்பாணத்து மண்ணுக்கு இதெல்லாம் வராது என்று மண்ணின்மேல் பழி விழுகிறது.

கட்டடப் பகுதியை ஓர் ஒப்பந்தமாகத் தை முதல் ஆவணிக்குள் முடித்து, நடுகையை வேறோர் ஒப்பந்தமாக ஐப்பசிக்கு வைத்து, குறைந்தது இரண்டு கோடைகளுக்கான தண்ணீரையும் ஆட்கூலியையும் அடுத்தடுத்த ஆண்டுகளின் மதிப்பீட்டில் முன்கூட்டியே சேர்ப்பது, மனம் வைத்தால் முடியாத காரியம் அல்ல. நாற்றுமேடையோ இரண்டுக்கும் முந்தியது. பாலை மிக மெதுவாக வளரும் மரம். அதன் விதையை இன்று விதைத்தால் நிலத்தில் நடத்தக்க கன்றுக்குப் பல மழைகள் காத்திருக்க வேண்டும். வரைபடத்துக்கு ஒப்பம் வைக்கும் நாளில் கன்றைத் தேடத் தொடங்குபவருக்குக் கடையில் கிடைப்பதெல்லாம் எங்கும் கிடைக்கும் அலங்காரச் செடிகளே. வேலைகளையும் பொருட்களையும் அளவோடு குறிக்கும் பீ.ஓ.கியூ. பட்டியல்களில் நான் பார்த்த ஒன்றில், சீமெந்துக் கலவையின் விகிதமும் கம்பியின் தடிப்பும் அரைப் பக்கத்துக்கு எழுதப்பட்டிருந்தன. மரங்களைப் பற்றி "நிழல் மரம், உயரம் 5 அடி, எண்ணிக்கை 40" என்ற ஒரேயொரு வரியே இருந்தது. என்ன மரம் என்று கேட்பதற்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லை.

என் வீட்டுக்கு நடந்துபோகும் தூரத்தில் ஒரு பொதுப் பூங்கா உண்டு. அதன் பெயரும் அதைத் திருத்தியவர்களின் பெயரும் இங்கே வேண்டாம். அதில் ஓர் இலுப்பை நிற்கிறது. சில வருடங்களுக்கு முன் அதைச் சுற்றி இன்ரலொக் கல் பதித்தார்கள். பதிப்பதற்கு முன் கிறவல் கொட்டி இயந்திரத்தால் இடித்து இறுக்கினார்கள். அதற்கும் முன் தண்ணீர்க் குழாய்க்காக அடிமரத்துக்கு மேற்கே இரண்டு முழ தூரத்தில் நீளமாக ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். வெட்டிய மண்ணோடு கை மொத்தத்தில் வேர்த்துண்டுகள் கிடந்ததை நானே பார்த்தேன். மரம் பட்டுப்போகவில்லை. மூன்றாம் வருடம் மேற்குப் பக்க உச்சிக் கிளைகள் இலையில்லாமல் நின்றன. நான்காம் வருட மாரியில் ஒரு கொப்பு முறிந்து புதிய இருக்கையின்மேல் விழுந்தது. நல்லவேளை, அப்போது அதில் எவரும் இருக்கவில்லை. மரத்துக்கு வயது போய்விட்டது என்று சொன்னார்கள்.

பெரிய மரத்தின் வேர் ஆழத்தில் இருக்கிறது, மேலே என்ன செய்தாலும் அதற்குத் தெரியாது என்ற நம்பிக்கை எங்களிடம் பலமாக இருக்கிறது. மரத்துக்கு உணவும் நீரும் எடுக்கும் வேர்களில் பெரும்பாலானவை மேல்மண்ணின் இரண்டு அடிக்குள்தான் பரவியிருக்கும். சுண்ணக்கல் மேலே வந்துநிற்கும் வலிகாமத்தின் பல இடங்களில் அந்த இரண்டு அடியும் கிடைப்பதில்லை. கட்டட வேலையின்போது மரங்களைக் காப்பதற்கான பிரித்தானிய நியமம் 5837, நெஞ்சளவு உயரத்தில் அடிமரத்தின் விட்டத்தைப் போல 12 மடங்கு ஆரமுள்ள வட்டத்தைத் தொடக்கூடாத நிலமாகக் கணக்கிடச் சொல்கிறது. அந்த இலுப்பையைத் தையல் நாடாவால் அளந்து பார்த்தேன். சுற்றளவு 220 சென்ரிமீற்றர், ஆகவே விட்டம் ஏறத்தாழ 70. அதன்படி எல்லாப் பக்கமும் 8.4 மீற்றர் விட்டிருக்க வேண்டும். கல்லுக்கும் மரத்துக்கும் இடையே விடப்பட்டிருப்பது 45 சென்ரிமீற்றர். மெல்லிய இரும்புக் கம்பி ஒன்றைக் கையால் அழுத்தினால், பூங்காவின் பின்மூலையில் எவரும் போகாத புல்லில் அது ஓர் அடி இறங்குகிறது. வேலைக்காலத்தில் லொறி நின்ற இடத்தில் இரண்டு அங்குலத்தோடு நின்றுவிடுகிறது. இதை அறிய ஆய்வுகூடம் தேவையில்லை.

கட்டடத்துக்கு எழுதப்படும் குறைதிருத்தக் காலம் பெரும்பாலும் ஒரு வருடம். மதில் வெடித்ததா, ஓடு ஒழுகுகிறதா என்று பார்க்க அது போதும். வேர் அறுபட்ட மரமோ சேமித்து வைத்ததைச் செலவழித்து இரண்டு மூன்று வருடம் பச்சையாகவே நிற்கும். அது காயத் தொடங்கும்போது, குறைதிருத்தத்துக்காகத் தனக்குத் தராமல் தடுத்துவைக்கப்பட்ட பணத்தையும் ஒப்பந்தகாரர் பெற்றுக்கொண்டு போயிருப்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, ஏனென்றால் மரத்தைத் தொடாதே என்று ஒப்பந்தத்தில் எவரும் எழுதவில்லை.

என் தவறையும் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன், வெட்சிப் பாத்தி ஒன்றுக்குப் பக்கத்தில் மேசன்மார் சீமெந்து குழைப்பதை நான் தடுக்கவில்லை. இரண்டு நாள் வேலைதானே என்று இருந்துவிட்டேன். தாங்கிகளையும் மண்வெட்டிகளையும் கழுவிய நீர் பாத்திக்குள் ஓடியது. அடுத்து வந்த தளிர்கள் எல்லாம் நரம்பு மட்டும் பச்சையாகவும் இடைப்பகுதி வெளிறிய மஞ்சளாகவும் வந்தன. சுண்ணாம்பு கூடிய எங்கள் மண் ஏற்கெனவே காரத்தன்மை உடையது. சீமெந்து நீர் அதை இன்னும் ஏற்றிவிட, மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் அதை எடுக்க முடியாமல் போனது. இரும்புச் சத்து தெளித்தபோது சில வாரங்கள் பச்சை திரும்பியது, பிறகு பழையபடி மஞ்சள். முடிவில் மேல்மண்ணையே அள்ளிக் கொட்டினோம்.

சாதாரணப் பூங்காவில் செடி போனால் இன்னொன்றை வாங்கி நடலாம். தாவரவியல் பூங்காவில் ஒவ்வொரு செடிக்கும் ஒரு பதிவு இலக்கம் உண்டு. எந்தக் காட்டில், எந்த நாளில், எந்தத் தாய்மரத்திலிருந்து விதை எடுக்கப்பட்டது என்பது அந்த இலக்கத்தோடு பதிவேட்டில் இருக்கும். வேலை முடிந்த இடமொன்றில் கல்லும் சாந்தும் கலந்த குப்பைக் குவியலில் மூன்று அலுமினியத் தகடுகளை நான் பொறுக்கியெடுத்திருக்கிறேன். இலக்கங்கள் தெளிவாக இருந்தன, செடிகள் இல்லை. இலண்டனின் கியூ பூங்கா அதன் பெரிய கண்ணாடி மாளிகையான மிதவெப்பத் தாவரங்களின் இல்லத்தை ஐந்து வருடம் மூடித் திருத்தி 2018 இல் திறந்தபோது, உள்ளேயிருந்த அரிய செடிகளிலிருந்து பதியங்களும் விதைகளும் எடுத்து வளர்த்துக்கொண்ட பிறகே திருத்த வேலைக்கு இடம் கொடுத்தது. அதே பூங்காவில் 1987 ஒக்ரோபர்ப் புயலில் ஏறத்தாழ 700 மரங்கள் விழுந்தன. அங்கே ஒரு முதிய ஓக் மரத்தைக் காற்று வேரோடு தூக்கி மீண்டும் அதே இடத்தில் வைத்தது. வெட்டிவிட இருந்த அந்த மரம், சில வருடங்களில் முன்னிலும் செழித்து வளர்ந்தது. பல பத்தாண்டுகளாக மக்கள் மிதித்து இறுக்கிய மண்ணைப் புயல் தளர்த்திவிட்டதே காரணம் என்று உணர்ந்து, மற்ற முதிய மரங்களின் அடியிலும் அழுத்தக் காற்றைச் செலுத்தி மண்ணைத் தளர்த்தும் முறையைப் பின்னர் கைக்கொண்டார்கள்.

கிடங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. சுண்ணக்கல்லில் அலவாங்கால் வெட்டிய கிடங்கு மாரியில் நீர்த்தொட்டியாகிக் கன்றை மூச்சுத் திணற வைக்கும். காலையில் கிடங்கை நீரால் நிரப்பி, மாலையில் போய்ப் பார்த்து, நீர் நின்றால் அடிக்கல்லில் வெடிப்புக் காணும்வரை துளைக்க வேண்டும். வளர்ப்புப் பொலித்தீன் பையைக் கழற்றாமலே புதைக்கும் கூத்தும் நடப்பதால், கிடங்கு மூடும்போது ஒருவர் பக்கத்தில் நிற்பது நல்லது.

நான் கேட்பது இவ்வளவுதான். எந்தப் பொதுப் பூங்காவிலும் முதல் மண் வெட்டப்படுமுன் மரங்களுக்கு வேலி போடப்பட வேண்டும். அந்த வேலிச் செலவு ஒப்பந்தத்தின் முதல் வரியாக இருக்க வேண்டும். தாவரம் அறிந்த உத்தியோகத்தர் ஒருவருக்கு வேலையை நிறுத்தும் அதிகாரம் எழுத்தில் கொடுக்கப்பட வேண்டும்; பொறியியலாளரின் கையொப்பத்தோடு அவருடைய கையொப்பமும் இல்லாமல் எந்தப் பற்றுச்சீட்டுக்கும் பணம் விடுவிக்கப்படக் கூடாது. என் சேவைக்காலத்தில் நாட்குறிப்பில் நான் எழுதாத எச்சரிக்கை இல்லை. நாட்குறிப்பைப் பார்த்து லொறி நிற்பதில்லை. 1867 இல் இறக்கும்வரை நெடுங்காலம் இங்கே அரசாங்க அதிபராக இருந்த டைக், பழைய பூங்காவில் வைத்துவிட்டுப் போன மரங்களின் நிழலில் நாங்கள் இன்றும் நிற்கிறோம். அந்த அளவு மரத்தை எந்த நிதியாண்டிலும் வாங்க முடியாது.

அந்த இலுப்பைக்கு இன்னும் காலம் இருக்கிறது. மேற்குப் பக்கக் கற்களில் முதல் ஆறு வரிசையை இந்தப் புரட்டாதிக்குள் கிளப்பி, கிறவலைக் கைமண்வெட்டியால் மெல்ல வழித்தெடுத்து, மக்கிய இலையை நாலு அங்குலத்துக்குப் பரப்பிவிட்டால், வருகிற மாரி முழுவதும் அந்த வேர்களுக்குள் இறங்கும். இரண்டு கூலியாட்களுக்கு ஒரு வாரத்து வேலை, பெக்கோ வேண்டாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பூங்கா வேலைகள் மேற்பார்வையாளர்,
கோண்டாவில்.