ஒளி நேரே பட வேண்டியது குறையல்ல

ஐயா, ஒளியால் இயங்கும் மின்னணு லேபிள்கள் பற்றிய உங்கள் செய்திக் கட்டுரை படித்தேன். மின்கலம் தேவையில்லை, லேசர் ஒளி பட்டதும் லேபிளின் சில்லிலுள்ள ஒளிமின்கலமே மின்சாரம் தர, லேபிள் தன் அடையாள எண்ணை அனுப்பிவிடும். சரி, ஆனால் ஒளி நேராகப் பட வேண்டும் என்பதைக் குறையாக எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் அதுதான் இதன் பலம். ரேடியோ அலையில் இயங்கும் ஆர்எஃப்ஐடி லேபிளைப் பைக்குள் இருக்கும்போதே பிறர் படித்துவிடலாம். இதையோ மூடி வைத்தாலே போதும், யாரும் படிக்க முடியாது.

நான் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். நெருக்கமாக அடுக்கிய மாதிரிக் குழாய்களில் ஒன்றைப் படிக்கப் போனால், ரேடியோ ரீடர் பக்கத்துக் குழாயின் எண்ணையும் சேர்த்துக் காட்டும். ஒளி பட்ட குழாய் மட்டும் பதில் சொன்னால் அந்தக் குழப்பமே இல்லை. எந்த நிறுவனத்தின் சில்லையும் எந்த ரீடரும் படிக்கும்படி பொதுத் தரம் ஒன்றை இப்போதே வகுக்க வேண்டும்.

– ஆய்வக ஊழியர் ஒருவர்