பினாங்கில் ஜியோகேஷ் பெட்டி வைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஜியோகேஷ் என்பது, ஒருவர் மறைத்து வைத்த பெட்டியை ஜிபிஎஸ் புள்ளியைக் கொண்டு மற்றவர்கள் தேடிப் பிடிக்கும் விளையாட்டு. தீவில் புதிதாகப் பெட்டி மறைக்கக் கிளம்பியிருப்பவர்களுக்கு, முக்கியமாக ஜார்ஜ் டவுன் கடைவரிசைகளில் இடம் தேடுகிறவர்களுக்கு, இதை எழுதுகிறேன். பெட்டியை வைக்கும் முன்பு அந்த இடத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான்.

கடைவீடுகளின் முன்னால் கூரையோடு இருக்கும் நடைபாதையைக் காட்டி, "அஞ்சடிதானே, ஊரே நடக்கிற இடம்தானே, யாரைக் கேட்பது?" என்று சிலர் சொல்கிறார்கள். நடக்கலாம், சரி. அதற்காக அங்கே இருக்கும் தூணும் ஜன்னல் கம்பியும் பூச்சட்டியும் நம்முடையவை ஆகிவிடுமா? பழைய கடைவீடுகளின் சுவர் சுண்ணாம்புச் சாந்து பூசியது. விரலால் நோண்டினாலே உதிரும் இடங்கள் நிறைய உண்டு. நீங்கள் ஒரே ஒரு பொந்தில்தான் விரல்நுனி அளவு நானோ டப்பாவைச் செருகியிருப்பீர்கள். தேடி வருபவருக்கு அது எந்தப் பொந்து என்று தெரியாது. நெருக்கமான சந்துகளில் ஜிபிஎஸ் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி, புள்ளியைப் பல மீட்டர் தள்ளிக் காட்டும். அதனால் அவர் அந்தச் சுவர் முழுக்கத் தடவிப் பார்ப்பார், அடுத்த கடைச் சுவரையும் விடமாட்டார். 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய ஊர் இது. தோண்டாதே, ஆணி அடிக்காதே, எதையும் சேதப்படுத்தாதே என்ற விளையாட்டு விதிகள் காட்டுக்கு மட்டும் எழுதப்பட்டவை அல்ல.

பெட்டியை விளையாட்டின் இணையதளத்தில் பதிவு செய்யும்போது, தேவையான அனுமதி வாங்கியாயிற்று என்று நாமே உறுதி கொடுக்கிறோம். பதிவைச் சரிபார்க்கும் ரிவியூவர் நேரில் வந்து பார்ப்பதில்லை. தன்னார்வலரான அவர் வரைபடத்தையும் நாம் எழுதியதையும் வைத்துத்தான் முடிவு செய்கிறார். ஆக, நாம் கொடுக்கும் வார்த்தையைத் தவிர அங்கே வேறு காவல் இல்லை.

கேட்பது ஒன்றும் பெரிய வேலையும் இல்லை. தவுக்கே, அதாவது கடை முதலாளி, கடை திறந்து பசியாறி முடித்த நேரமாகப் பார்த்துப் போங்கள். கையில் டப்பாவைக் கொண்டுபோய்த் திறந்து, உள்ளே பேர் எழுதும் தாள்தான் இருக்கிறது என்று காட்டுங்கள். எந்த மாதிரி ஆட்கள் வருவார்கள், எந்நேரம் வருவார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். வேண்டாம் என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த இடம் பாருங்கள். சரி என்றால் உங்களுக்கு ஒரு காவலாளி கிடைத்த மாதிரி. நாளைக்கு யாரோ ஒருவர் கடைவாசலில் குனிந்து சுற்றிச் சுற்றி வந்தாலும் தவுக்கே போலீசைக் கூப்பிட மாட்டார்.

இந்தப் பயம் வீணானது அல்ல. 2011-இல் இங்கிலாந்தின் வெதர்பி என்ற ஊரில், தெருவில் யாரோ மறைத்து வைத்த டப்பாவைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, வெடிகுண்டு நிபுணர்களே வந்து அதை வெடிக்க வைத்தார்கள். கடைசியில் பார்த்தால் அது ஜியோகேஷ். அதனால் உள்ளே தெரிகிற டப்பாவாகப் பாருங்கள். மேலே 'இது ஜியோகேஷ் விளையாட்டுப் பெட்டி' என்று மலாயிலும் ஆங்கிலத்திலுமாவது எழுதி ஒட்டுங்கள். பார்க்கக் குழாய் வெடிகுண்டு மாதிரி இருக்கும் பிவிசி குழாய் வேண்டவே வேண்டாம்.

நம்மூருக்கே உரிய சங்கதி ஒன்று, கொசு. மூடி சரியில்லாத டப்பாவில் மழைத்தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிட அது போதும். நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஜென்டிக் எனும் கொசுப் புழுவைக் கண்டுபிடித்தால் அபராதச் சீட்டு அந்த இடத்துக்காரர் பேருக்குத்தான் வரும். டப்பா வைத்த நமக்கு வராது. கேட்காமல் வைப்பதில் எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான். ரப்பர் வளையம் வைத்த இறுக்கமான மூடியில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள்.

தாவரவியல் பூங்காவிலும் கொடிமலையிலும் (பினாங்கு ஹில்), 2003-இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்காவிலும் கேட்க வேண்டியது நிர்வாகத்தை. தின்பண்டம் வைக்கக்கூடாது என்ற விதிக்குக் காரணம் கேட்பவர்கள், பூங்காக் குரங்குகளைக் கொஞ்ச நேரம் கவனித்தால் போதும்.

கோயில் வாசலில் பெட்டி வேண்டாம் என்பது என் கருத்து. குவீன் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயிலுக்கு ஆட்களை வரவழைக்க ஆசையா? ஓர் இடத்தில் கிடைக்கும் விடையை வைத்து அடுத்த இடத்துக்குப் போகும் மல்டி கேஷ் போடுங்கள். கோயில் எழுந்த ஆண்டான 1833-ஐ விடையாக வைத்து, அந்த எண்களிலிருந்து அடுத்த புள்ளி வரும்படி செய்யலாம். டப்பா தள்ளி வேறெங்காவது இருக்கட்டும். கேள்வி மட்டும் உள்ள கட்டத்துக்கு, டப்பாக்களுக்கு இடையிலான 161 மீட்டர் விதியும் கிடையாது. அப்புறம், ரதம் போகும் பாதையில் இருக்கும் பெட்டிகளைத் தைப்பூச நாட்களில் தற்காலிகமாக முடக்கிவிடுங்கள்.

அந்த 161 மீட்டரைப் பற்றியும் ஒரு கணக்கு. டப்பாவுக்கும் டப்பாவுக்கும் இடையில் குறைந்தது அவ்வளவு தூரம் வேண்டும். ஜார்ஜ் டவுனின் மையப் பாரம்பரியப் பகுதி ஏறத்தாழ 109 ஹெக்டேர்தான். காகிதத்தில் நெருக்கி அடுக்கினாலும் மிஞ்சிப் போனால் ஐம்பது, அறுபது டப்பா. ஒருவர் வைத்துவிட்டு மறந்துபோனால், அதைச் சுற்றி எட்டு ஹெக்டேரில் வேறு யாரும் வைக்க முடியாது.

கோலாலம்பூரில் வேலை பார்த்துக்கொண்டு, தீபாவளிக்கு ஊர் வந்த சூட்டில் ஒன்று வைத்துவிட்டுப் போகிறவர்களைத்தான் சொல்கிறேன். பராமரிக்க வழி இல்லாத விடுமுறைப் பெட்டியை விதி ஏற்காது. உள்ளூரில் ஒருவர் ஒப்புக்கொண்டால், அவருடைய பயனர் பெயரை ரிவியூவருக்கு எழுதும் குறிப்பில் சேர்த்துவிடுங்கள். யாரும் கிடைக்கவில்லை என்றால், அடுத்த முறை ஊர் வரும்போது டப்பாவை எடுத்துவிட்டு, அதன் இணையப் பக்கத்தை ஆர்க்கைவ் செய்து (நிரந்தரமாக மூடி), கடைக்காரரிடமும் சொல்லிவிட்டுப் போங்கள். அந்த இடத்துக்காக இங்கே காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஜார்ஜ் டவுனில் பெட்டி வைத்துப் பராமரிக்கும் ஒருவர்