கத்தரிக்கோலோடு ஒப்பிடலாமா?

ஐயா, புதிய இசையரங்குகள் பற்றி ஞாயிறு மலரில் வந்த கட்டுரை, திறப்பு விழாவுக்கென்று எழுதப்படும் ஓவர்ச்சரை (வாத்தியக் குழு வாசிக்கும் தொடக்க இசையை) ரிப்பன் வெட்டும் கத்தரிக்கோலோடு ஒப்பிடுகிறது: அன்றைக்கு மட்டும்தான் வேலை, அப்புறம் பெட்டிக்குள் போய்விடுமாம். இது சரியல்ல. வியன்னாவில் புதுப்பித்துக் கட்டிய யோசஃப்ஷ்டாட் நாடக அரங்கு 1822 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்டபோது, அதற்காகவே பீத்தோவன் ‘அரங்கின் அர்ப்பணிப்பு’ என்ற ஓவர்ச்சரை எழுதிக்கொடுத்தார். 1824 மே 7 அன்று, அவருடைய ஒன்பதாவது சிம்பொனி அரங்கேறிய அதே கச்சேரியில், வேறோர் அரங்கில், முதலில் ஒலித்தது இந்த ஓவர்ச்சர்தான். ஒருநாள் கூத்து என்று நினைத்திருந்தால் அவர் அதை அங்கே வைத்திருப்பாரா?

இதைப் பல வருடங்கள் பேருந்தில் காதொலிக் கருவியில்தான் கேட்டுவந்தேன். டிரம்பெட்டுகள் முழங்கும் இடத்தில் வேறு எதுவும் என் காதில் விழுந்ததில்லை. ஒருமுறை அரங்கில் பின்வரிசை மலிவு இருக்கையில் உட்கார்ந்து கேட்டபோதுதான், அந்த முழக்கத்துக்கு அடியில் பஸூன்கள் (தாழ்ந்த குரல் கொண்ட மரக் குழல்கள்) மூச்சுவிடாமல் ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தது. (பக்கத்து இருக்கைக்காரர் அப்போதுதான் மிட்டாய் உறையைப் பிரித்தார், அதுவும் தெளிவாகக் கேட்டது.) அரங்கின் காது எப்படி என்று சோதிக்க இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் திறப்பு நாளில் உரைகளுக்கும் மாலைகளுக்கும் நடுவே யார் அப்படிக் கவனித்துக் கேட்கிறார்கள்? எனவே திறப்பு விழாவுக்கு இசை எழுதச் சொல்லும் அரங்குகள், அந்த ஆண்டிலேயே ஒரு சாதாரணக் கச்சேரியில், பேச்சு ஏதுமின்றி, குறைந்த கட்டணத்தில் அதை மறுபடி வாசிக்க ஏற்பாடு செய்யலாம்.

– ஒரு வாசகர்