வாஷி பாலத்துக்கு வடக்கே வந்த அண்ணனுக்கு

பௌர்ணமிக்கு மறுநாள் நாலு மணி வாக்கில் மும்பை தாணே கிரீக்கில் (கடல் நீர் உள்ளே வந்து போகும் கழியில்) எங்கள் சின்னப் பாய்மரப் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. கீலை (அடியில் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாகத்தை) மேலே தூக்கினால் முழங்கால் ஆழத்திலேயே மிதக்கும் படகுதான், ஆனால் கீல் ஏறி இறங்கும் பெட்டிக்குள் சேறு அடைத்து அது அசையவே இல்லை, தண்ணீரோ கண்ணெதிரே வற்றிக்கொண்டிருந்தது (பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இங்கே கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் 4 மீட்டர்கூட வித்தியாசம் வரும்).

அண்ணா, நாங்கள் கூப்பிடவே இல்லை. வலையை விட்டுவிட்டு வந்தீர்கள். "தம்பி, இறங்காதே, இடுப்பு வரை இழுக்கும்" என்று தாராவித் தமிழில் அதட்டிவிட்டு, படகு மிதந்ததும் கயிற்றை இழுத்து நாங்கள் வெளியே வர, எங்கள் நங்கூரத்தை உங்கள் தோணியில் ஏற்றிப்போய் ஆழமான வாய்க்காலில் போட்டீர்கள். அப்புறம் ராத்திரி, ஏற்றம் வந்து படகு நிமிர்கிற நேரத்துக்குச் சரியாக டார்ச்சோடு திரும்பி வந்தீர்களே, அதை யார் செய்வார்கள்? எண்ணெய்க் காசு நீட்டியதும் முறைத்தீர்கள். பெயரும் சொல்லவில்லை.

தாராவி கோலிவாடா (மீனவர் குடியிருப்பு) பக்கம் இவரைத் தெரிந்தவர்கள் இதைப் படித்துக் காட்டுங்கள்.